அளவுகாரரை அளக்கிறவர்

காணி அளக்க ஆளைக் கூலிக்குப் பிடித்துவிட்டு, வந்தவருக்கே அளக்கப் பழக்குகிற ஓர் இனம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், அகப்படாது. உங்கள் வீட்டு ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவுக்குள்ளேயே தேடுங்கள், இரண்டு மூன்றாவது நிற்கும்.

இந்த இனத்தின் தலைவர் உரும்பிராய்த் தம்பிஐயா. மகள் உதயகலாவுக்கு வீடு கட்ட வேண்டும். அத்திவாரத்துக்கு நாளும் வைத்தாயிற்று. ஆனால் தென்கிழக்கு அக்கினி மூலையில் சமைக்கக் குசினி வைத்தால் கிழக்கு வேலி இடிக்கிறது. இரண்டடி காணாது! அந்த இரண்டடி எங்கே போயிருக்கும்? பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற, கிழக்குப் பக்கத்து இராசமலர் ரீச்சர் தின்றுவிட்டா, வேறென்ன? தம்பிஐயாவுக்குத் தெரிந்த இந்த உண்மையைப் படமாய்க் கீறி முத்திரை குத்தித் தருவதற்குத்தான், கோப்பாயில் கட்டட வேலையும் காணி அளவும் செய்கிற நிவேதனாவின் கொம்பனியைப் பிடித்தார்.

நிவேதனா முக்காலியை நட்டு மெசினைப் பூட்டினதுதான் தாமதம், பாடம் தொடங்கிவிட்டது.

"பிள்ளை, உந்தக் குழாய்க்குள்ளாலை பாத்தால் ஒண்டும் தெரியாது. இது நான் காலாலை அளந்த காணி." சொன்னதோடு விட்டாரா? மாட்டுக்கயிற்றைத் தூக்கிக்கொண்டு மெசினுக்கு நேர் முன்னால் போய் நின்று, "இப்ப எல்லை தெரியுதோ?" என்றார்.

"உங்கடை முதுகு வடிவாய்த் தெரியுது, ஐயா."

ஒழுங்கைச் சனம் கூடிவிட்டது. கூட்டினவரே அவர்தான். "எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ! மெசின் எங்கை காட்டுதோ, அங்கைதான் வேலி!" மேற்குப் பக்கத்துப் பொன்னம்பலத்தார் முன்னுக்கு நின்று பலமாகத் தலையாட்டினார். ரீச்சர் விரித்த குடையோடு தன் வேலியடியில் நின்றா.

இங்கே ஒரு சங்கதி. எங்கள் பக்கத்தில் வேலி அடைக்க ஒரு முறை உண்டு: கிழக்கு வேலி உங்கள் பொறுப்பு, மேற்கு வேலி மேற்குக்காரர் பொறுப்பு. ஆகவே தம்பிஐயா வருசாவருசம் கிழக்கு வேலியில் உக்கின தடியை, அதுதான் கதியாலை, பிடுங்கி, அலவாங்கால் தோண்டின கிடங்கு தூர்ந்துபோச்சென்றும், வேர் தடுக்குதென்றும், கறையான் என்றும், ஈரம் என்றும், பழைய இடத்தில் நடாமல், கடவுளறிய ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், ஒரு விரல் அங்காலே தள்ளி நட்டு வந்தார். ஒரு விரல்! இதெல்லாம் ஒரு தள்ளலா?

நிவேதனா நிமிர்ந்தா. "ஐயா, உறுதிப் பத்திரத்திலை உள்ளபடி உங்கடை காணி முழுசாய் இருக்கு."

"பாத்தியளே!"

"ஆனால் இருக்கவேண்டிய இடத்திலை இல்லை. கிழக்காலை நீங்கள் ரீச்சற்றை காணிக்குள்ளை இரண்டடி போயிருக்கிறியள். மேற்காலை பொன்னம்பலத்தார் உங்கடைக்குள்ளை இரண்டடி வந்திருக்கிறார்."

பொன்னம்பலத்தாருக்கு உடனே மாட்டுக்குத் தண்ணீர் வைக்காதது நினைவு வந்தது.

"நில்லுங்கோ அண்ணை! என்ரை இரண்டடி?" என்று மறித்தார் தம்பிஐயா.

"தாறன், ஏன் தரமாட்டன்? எனக்கு மேற்குக்காரன் தரட்டும்!"

அவ்வளவுதான். புதினம் பார்க்க வந்த சனம் முழுவதும் ஒன்றாய்த் திரும்பி, தன் தன் மேற்கு வேலியைப் பார்த்தது. ஐயையோ, ஒழுங்கை முழுவதுமல்லவா கிழக்காலே நடந்திருக்கிறது!

"மெசின் காட்டின இடத்திலைதானே வேலி?" என்று ரீச்சர் குடையை மடக்கினா.

தம்பிஐயா மெசினை உற்றுப் பார்த்தார். "உது வெயிலுக்குச் சூடேறிப் பிழையாய்க் காட்டுது." சிரித்தார்களா? ஒருவரும் இல்லை. "ஓம், ஓம், சரியான வெயில்" என்றது சனம்.

"அப்பா, ஊருக்கு முன்னாலை சொன்னியள்," என்றாள் உதயகலா. ரீச்சரின் பக்கத்தில் குடியிருக்கப் போகிறவள் அவள்தானே.

கிழக்கு வேலி பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. ஒரு வேலைக்கு வந்த நிவேதனா ஒழுங்கை முழுவதும் வேலை பிடித்துக்கொண்டு போனா. வைத்த நாளிலேயே அத்திவாரமும் போட்டு, வீடும் எழும்பிவிட்டது: விறாந்தை, சாமியறை, எல்லாம் உண்டு; குசினி மட்டும் இல்லை. பொன்னம்பலத்தாருக்கு அவருடைய மேற்குக்காரர் இன்னும் தரவில்லையாம். உதயகலா தகரக் கொட்டிலில் சமைக்கிறாள். தம்பிஐயா புகைக்குள் இருமி இருமிச் சாப்பிட்டபடி, நிவேதனாவுக்கு அளக்கத் தெரியாதென்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குகிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாய்ச் சிரியுங்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியாதா! உங்கள் கிழக்கு வேலியில் இந்த வருசக் கதியால் எந்தக் கிடங்கில் நிற்கிறதென்று நான் கேட்கவே மாட்டேன். ஆனால் கொஞ்சம் காது கொடுங்கள்: நீங்கள் இங்கே இருந்து வாசித்துக்கொண்டிருக்க, உங்கள் மேற்குப் பக்கத்தில் ஆரோ அலவாங்கு போடுகிற சத்தம் கேட்கிறது.