ஒன்றரை நிமிடம் கழித்து வரும் குரல்

ஜெயங்கொண்டம்,
ஆவணி 2

செந்துறை மச்சான் பஞ்சநாதன் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கை புருஷன் ராசாங்கம் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை புவனேஸ்வரியும் மகள் தென்றலும் சுகம். அங்கே உங்கள் மூட்டுவலியும், அதைவிட முக்கியமாக உங்கள் கோபமும் வடிந்திருக்க வேண்டுமென்று பெருவுடையாரை வேண்டிக்கொள்கிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் தபாலில் வருகிறேன். தாம்பூலத் தட்டோடு இரண்டு தடவை நேரில் வந்தேன். இரண்டு தடவையும் நீங்கள் முந்திரிக்காட்டுக்குப் போய்விட்டதாக அக்கா சொன்னார். வாசலில் உங்கள் செருப்பு கிடந்தது.

மாசியில் உங்கள் பேரன் காதுகுத்தில் நடந்ததை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் ஊர் முழுக்க ஒழுங்கில்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். தென்றல் சென்னையில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, தன் அம்மா கட்டையால் முந்திரிக்கொட்டை உடைக்கும் சத்தத்தைப் பதிவு செய்து, அதையே தாளமாக வைத்து ஹவுஸ் மியூசிக்கில் 'கட்டையடி' என்று ஒரு பாட்டுச் செய்து, காதுகுத்தில் போடுவதற்காகப் பென்டிரைவில் கொண்டுவந்தாள். ஹவுஸ் என்றால் ஆடுவதற்கான இசை. முதல் ஒன்றரை நிமிடம் தாளம் மட்டும் ஓடும், கால் தானாக அசையத் தொடங்கிய பிறகுதான் மற்றதெல்லாம் வரும். இது மைக்செட் வேம்புக்குத் தெரியாது. வெறும் டக்கு டக்கென்று கேட்கவும் பென்டிரைவில் கோளாறு என்று நினைத்து நிறுத்தினார், வேட்டியில் துடைத்தார், மறுபடி முதலிலிருந்து போட்டார். இப்படி ஏழு தடவை. வந்த சனம் பத்து நிமிடம் கொட்டை உடைக்கிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்க, பாட்டு வரட்டும் என்று ஆசாரி ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, பிள்ளை தன் தாய்மாமன் மடியில் அலற, நீங்கள் மைக்கைப் பிடுங்கி ஒரு கத்து கத்தினீர்கள். அதோடு விட்டீர்களா? "இதெல்லாம் ஒரு பாட்டுன்னு போடுற பொண்ணு கல்யாணத்துக்கு நான் நெத்தியில பட்டம் கட்ட வரமாட்டேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள். தென்றலுக்குத் தாய்மாமனான உங்கள் வாயில் வரவேண்டிய வார்த்தையா அது? உங்கள் தங்கை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்போது கேளுங்கள். சித்திரையில் பாட்டு வெளியானது. முதல் நாள் நாற்பத்தொரு தடவை ஓடியது. அதில் முப்பது நான். திருச்சியில் விமர்சனம் செய்யும் ராஜேஷ் என்பவர், முதல் ஒன்றரை நிமிடம் தண்டம், ஜெனரேட்டர் ஓடுவதுபோல் இருக்கிறது என்று வீடியோ போட்டார். நம் மாவட்டம் சும்மா விடுமா? "எங்க ஊரு பொம்பளைங்க கைச்சத்தம்யா அது, ஒனக்குக் காது இருக்கா?" என்று அரியலூரிலிருந்து ஒருவர் எழுத, அடியில் ஐந்நூறு பேர் சேர்ந்துகொண்டார்கள். பத்து நாளில் அதே ராஜேஷ் மறுவீடியோ போட்டு, அந்த ஒன்றரை நிமிடம்தான் பாட்டின் உயிர் என்றார். சென்னையில் ஓர் இணையப் பத்திரிகை ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்து, ஒன்றரை நிமிடம் கழித்துத் தாளத்தை உடைத்துக்கொண்டு வரும் முரட்டுக் குரல் தலைமுறைகளின் காத்திருப்பு என்று எழுதியிருக்கிறது. எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதிக்கே கண் கலங்கிவிட்டது. பெரம்பலூரில் ஒரு காலேஜ் விழாவுக்குக் கூப்பிட்டாங்க, போனேன். தாளம் ஓட ஓட ஆயிரம் பிள்ளைங்க மூச்சு விடாம நிக்குதுங்க, "பாட்டு எப்பய்யா வரும்?"னு அந்தக் குரல் கேக்குது, ஆயிரமும் கூடவே கத்துது, அதுக்கப்பறம் மண்டபமே ஆடுது மச்சான். கும்பகோணம் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிறத நிறுத்திட்டுக் கத்துறார். உங்க தங்கச்சி இப்பல்லாம் பவுடர் போட்டுக்கிட்டுத்தான் கொட்ட உடைக்க உக்கார்றா. நாலு வூடு தள்ளி இருக்கிற காத்தாயி, நானும்தானே உடைக்கிறேன், என்னை ஏன் பதிவு பண்ணலன்னு ரெண்டு வாரமா எங்களோட பேசல.

வரும் ஆவணி இருபதாம் தேதி தென்றலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அறிவழகன், அரியலூர்ப் பையன். பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் பெண் கேட்டு வந்தார்கள். பத்திரிகை உள்ளே இருக்கிறது. நீங்கள் வந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. பட்டம் கட்ட வேறொரு மாமனை ஏற்பாடு செய்துவிட்டோம். சீரும் வேண்டாம், சிரமமும் வேண்டாம். ஜெயித்தவர்கள் கெஞ்சிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பேரனுக்குக் காதுப்புண் ஆறி, கடுக்கன் மின்ன நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்த
ராசாங்கம்

பின்குறிப்பு: வேறு மாமன் ஏற்பாடு என்றது பொய். உங்கள் தங்கைக்குக் கூடப்பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான், நான் எங்கே போய்த் தேடுவேன்? அந்தப் பாட்டைக் கேட்கவே மாட்டேன் என்று நீங்கள் சபதம் போட்டிருப்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது: அந்தக் குரல் உங்களுடையது. காதுகுத்தில் நீங்கள் மைக்கில் கத்தியதைத் தென்றல் போனில் பிடித்துவைத்து, பாட்டுக்கு நடுவில் சேர்த்த பிறகுதான் வெளியிட்டாள். 'குரல்: என் மாமா' என்று போட்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால், முதல் தடவை அவள் போட்டுக்காட்டியபோது பாட்டு எப்போது வரும் என்று நானும் அதையேதான் கேட்டேன்; என் குரலில் அந்த வேகம் இல்லையாம். கல்யாணத்தன்று மண்டபத்தில் பாட்டு ஓடும். அந்த இடத்தில் மட்டும் பதிவை நிறுத்திவிட்டு மைக்கை உங்களிடம் கொடுக்கப்போகிறாளாம். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாளாம். நீங்கள் இல்லையென்றால் வெறும் தாளம்தான் ஓடிக்கொண்டிருக்கும். எப்ப வருவீங்க மச்சான்?