சைக்கிள் உள்ளே நிற்கிற வண்டி

கார் வாங்குகிறவர்கள் ஒரு இனம். கார் தேர்ந்தெடுக்கிறவர்கள் வேறு இனம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் இனத்தார் ஷோரூமுக்குப் போவார்கள், நிறம் சொல்வார்கள், சொன்ன தேதியில் போய்ச் சாவியை வாங்கி வருவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாம் இனத்தாருக்கு வண்டி ஒரு சாக்கு. தேர்வுதான் அவர்களுக்குச் சாப்பாடு, தூக்கம், பொழுதுபோக்கு எல்லாம். வண்டி வந்துவிட்டால் தேர்வு முடிந்துவிடுமே என்கிற கவலையிலேயே பாதிப் பேர் பஸ்ஸில் போகிறார்கள்.

இந்த இனத்தில் நன்கு வளர்ந்த மாதிரி ஒன்றை உங்களுக்குக் காட்டுகிறேன். அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் கொள்முதல் அதிகாரி. கையுறையோ கட்டிலோ, எதை வாங்குவதானாலும் மூன்று கம்பெனிகளிடம் விவரம் கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, ஓரத்தில் ‘கவனிக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அலுவலகத்தில் அவருக்குப் பட்டியலார் என்று பெயர். அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டு அவர் சந்தோஷமாகவே இருந்தார். வீட்டிலும் இதே கதைதான். குளியலறைக்கு ஒரு வாளி தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட ஐந்து வாரத்தில் அந்தக் குடும்பம் எப்படிக் குளித்தது என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், சாப்பாட்டு மேசையில் அவருடைய ஒரே மகள் சொன்னாள்: “அப்பா, நாம மூணு பேரும் ஒரு நாள் ஏரியைச் சுத்தி சைக்கிள்ல போலாமா?”

நீங்களோ நானோ என்ன சொல்லியிருப்போம்? “போலாமே” என்றிருப்போம். பட்டியலார் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார்.

“சைக்கிளை ஏரி வரைக்கும் எப்படிக் கொண்டுபோறது?”

ஏரி எட்டு கிலோமீட்டர். சைக்கிளுக்கு இரண்டு சக்கரம் உண்டு. இந்த இரண்டு செய்திகளையும் யாராவது அன்றைக்கே அவரிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. மனைவி பல் மருத்துவர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் தலையைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு வீட்டில் வாய் திறக்கத் தெம்பில்லை. அப்படிப் பிறந்ததுதான் எஸ்யூவி யோசனை.

அதிலும் ஒரு நிபந்தனை. சைக்கிள்கள் வண்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். பின்னால் மாட்டுகிற கம்பிச் சட்டம் இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். பட்டியலார் அவரை இரக்கத்தோடு பார்த்து, மழை, தூசி, திருட்டு, பின்னால் வருகிற லாரி என்று நான்கு தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசி அனுப்பிவைத்தார். உள்ளே. படுக்காமல், நின்றபடி. மூன்றும்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு ஷோரூம். சட்டைப் பையில் அளக்கிற டேப், கக்கத்தில் குறிப்பேடு. வாயால் சொன்னால் நம்பமாட்டார்களே என்று சைக்கிளையும் கையோடு கொண்டுபோனார். எப்படிக் கொண்டுபோனார் என்கிறீர்களா? ஓட்டிக்கொண்டுதான். சைக்கிளைக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும் என்று சொல்வதற்கு ஊரின் நான்கு மூலைக்கும் அந்த மனிதர் சைக்கிளிலேயே போய்வந்தார். அதில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

“வாங்க சார், முதல்ல இன்ஜின் பத்திச் சொல்லிடறேன்” என்று ஆரம்பிப்பார் விற்பனையாளர்.

“அது இருக்கட்டும். டிக்கி கதவைத் திறந்தா அகலம் எவ்வளவு? மேலயும் கீழயும் தனித்தனியாச் சொல்லுங்க.”

“நாலு பெரிய சூட்கேஸ் தாராளமாப் போகும் சார்.”

“சூட்கேஸுக்கு ஹேண்டில்பார் உண்டா?”

விற்பனையாளர் யோசிப்பதற்குள் பட்டியலார் காலணியைக் கழற்றிவிட்டு டிக்கிக்குள் தவழ்ந்திருப்பார். உள்ளேயிருந்து எண்கள் மட்டும் வெளியே வரும். அவர் ஒன்பதாவது ஷோரூமை எட்டுவதற்குள் இந்தச் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு சைக்கிள் மணி கேட்டால் போதும், விற்பனையாளர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டீ குடிக்கத் தோன்றியது.

பட்டியல் வளர்ந்தது, வரிக்கு ஒரு வண்டியாக. மகளும் வளர்ந்தாள். அதுதான் சங்கடம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவள் சைக்கிளின் சீட்டை ஏற்ற வேண்டியிருந்தது, சீட் ஏறினால் டிக்கியின் உயரம் போதாது, முதலிலிருந்து அளக்க வேண்டும். “இப்படி வளர்ந்துகிட்டே இருந்தா நான் எதை முடிவு பண்றது?” என்று ஒரு தடவை நிஜமாகவே அலுத்துக்கொண்டார். நடுநடுவே அவள், “ஏரிக்கு எப்பப்பா?” என்று கேட்டாள். பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

அவருக்கு மகள்மேல் பாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உயிரையே வைத்திருந்தார். பாசத்தைக் காட்ட அவருக்குத் தெரிந்த ஒரே வழி, பட்டியலில் இன்னொரு வரி சேர்ப்பது. அவள் பள்ளிப் படிப்பை முடித்தபோது பட்டியலில் நாற்பத்தொரு வரிகள் இருந்தன. அவளுக்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்லூரியில் இடம் கிடைத்த அன்று நாற்பத்திரண்டு.

கடைசியில் பல் மருத்துவர் வாயைத் திறந்தார். ஆட்டி ஆட்டிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஒரே இழுப்புதான்.

“அவ அடுத்த திங்கக்கிழமை கிளம்பறா. ஞாயித்துக்கிழமை காலைல நாம ஏரிக்குப் போறோம். உங்க வண்டி வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அவ இனி எப்ப லீவு கிடைச்சு வருவாளோ.”

பட்டியலார் ஆடிப்போனார். மூன்று நாள் உட்கார்ந்து நாற்பத்திரண்டை ஒன்றாக்கினார். சனிக்கிழமை மாலை வண்டி வாசலில் வந்து நின்றது. மலைபோல் ஒரு எஸ்யூவி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்றும் வைபவம் தொடங்கியது. பின் சீட்டுகளை மடித்தார். மூன்று சைக்கிள்களின் முன்சக்கரங்களையும் கழற்றினார். நட்டுகளைச் சுற்றுச்சுவர் மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி நிறுத்தினார். ஒன்றின்மேல் ஒன்று உரசவில்லை. கூரையில் இடிக்கவில்லை. டிக்கி கதவு பொத்தென்று மூடிக்கொண்டது. இரண்டு வருஷ உழைப்பு. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

மனைவி முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மகள் பின் கதவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாள்.

“அப்பா, நான் எங்க உட்கார்றது?”

நாற்பத்திரண்டு வரியிலும் கதவின் அகலம் இருந்தது, கூரையின் உயரம் இருந்தது, சக்கரத்தின் விட்டம் இருந்தது. ஆட்கள் இல்லை. மூன்று சைக்கிள் நின்றால் இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்று அந்தப் பட்டியலில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மனைவி இறங்கினார். தன் சைக்கிளையும் மகள் சைக்கிளையும் வெளியே எடுத்தார். இருவரும் சுவரிலிருந்து நட்டுகளை எடுத்துச் சக்கரங்களை மாட்டினார்கள்.

“நீங்களும் சைக்கிள்லயே வாங்கப்பா” என்றாள் மகள். “எட்டு கிலோமீட்டர்தானே.”

“வண்டி?” என்றார் அவர்.

அவர்கள் முன்னால் சைக்கிளில் போனார்கள். அவர் தன் சைக்கிளை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டு பின்னாலேயே வந்தார், இரண்டாவது கியருக்கு மேல் போகாமல். ஏரிக்குப் போய் இறக்கிப் பார்த்தால், அவருடைய சைக்கிளின் நட்டு மட்டும் வீட்டுச் சுவர் மேலேயே நின்றுவிட்டது. ஆனாலும் பாதகமில்லை. ஏரி வாசலிலேயே முப்பது சைக்கிள்கள் வரிசையாக நின்றன. வாடகைக்கு. பத்து வருஷமாக அங்கேதான் நிற்கின்றனவாம். பட்டியலில் அதற்கும் ஒரு வரி கிடையாது.

“அதுல ஒண்ணு எடுத்துக்கிட்டு வந்துடுங்கப்பா. நாங்க மெதுவாப் போறோம்” என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டியலார் வரிசைக்குப் போனார். முதல் சைக்கிளின் பிரேக்கை அழுத்தினார். இரண்டாவதின் சீட்டை ஆட்டினார். மூன்றாவதின் டயரை நகத்தால் சுரண்டினார்.

“எல்லாம் ஒரே மாதிரிதான் சார், ஒண்ணை எடுத்துட்டுப் போங்க” என்றாள் வாடகைக்காரம்மா.

“ஒரே மாதிரின்னு நீங்க சொல்றீங்க. இது செயின் தொங்குது பாருங்க” என்றார் அவர்.

ஏரியைச் சுற்ற அரை மணி. முதல் சுற்று முடிந்து வாசல் பக்கம் வந்தபோது மகள் மணியடித்து, “அப்பா” என்று கூப்பிட்டுக் கையை ஆட்டினாள். பதினோராவது சைக்கிளின் பெடலுக்கு அடியில் குனிந்திருந்தவர் நிமிராமலே ஒரு விரலைக் காட்டினார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அவள் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மிதித்துப் போய்விட்டாள். இரண்டாவது சுற்று முடிந்து அவர்கள் இறங்கியபோது பட்டியலார் இருபத்து மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு, முகம் மலர்ந்து, “இதுதான்” என்று நின்றிருந்தார்.

“வெயில் ஏறிடுச்சுப்பா. சாமான் வேற கட்டணும்” என்றாள் மகள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை. அன்பாகச் சொன்னாள். அவர் சைக்கிளைத் திரும்ப வரிசையில் விட்டபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. இவ்வளவு நேரம் சிரித்த நான் அந்த இடத்தில் சிரிக்கவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். நீங்கள் பார்த்தோமா, வாங்கினோமா என்று இருக்கிற ஆள். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்தப் பெண் கையை ஆட்டிவிட்டுப் போனாளே, இப்போது உங்கள் தலைக்குள் ஓடுவது அதுவா, மூன்று சைக்கிளும் நின்றபடி போகிற அந்த வண்டி எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்பதா?