நினிவேக்கு நான் போட்ட மெட்டு

பிரியமுள்ள ஜெபசிங் மச்சானுக்கு, இரும்புலியூரிலிருந்து தனசிங் எழுதுவது. ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் தங்கை தபீதாளும் சுகம். உங்கள் முழங்கால் வலி நீங்க ஜெபிக்கிறோம். வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவிவிடுவீர்கள் என்றுதான் தாளில் எழுதுகிறேன். ஜெயித்துவிட்டேன் மச்சான்!

“கீபோர்டுல ஒரு பட்டனைத் தட்டினா புயலே வருது, அதுக்குப் போய் பதினாலு பேரா?” என்று போனில் சிரித்தீர்களே, எங்கள் சபைக் கமிட்டியும் அதையேதான் கேட்டது. யோனா நாடகத்துக்கு நான் இசை எழுதி, பத்து வயலின், இரண்டு செல்லோ, ஜெரூஷாவின் டிரம்பெட், ஒரு டிரம் என்று நேரிலேயே வாசிக்கலாம்; சொதப்பினால் ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்துவிட்டு இனி எங்கள் சபைப் பையன் விக்கியின் கீபோர்டுதான். அதுதான் கண்டிஷன்.

புயலுக்கு மூன்று நிமிடம் எழுதியிருந்தேன். குரோம்பேட்டையில் வாடகைக்கு எடுத்த திரை மூடும்போது பாதியில் சிக்கிக்கொண்டது, இழுத்தாலும் அசையவில்லை, நிறுத்தினால் மானம் போய்விடும் என்று அதே புயலை நாலு தடவை வாசித்தோம், கப்பல்காரர்கள் ஆடி ஆடி ஒருவருக்கு நிஜமாகவே வாந்தி, ஜனங்களோ “சூப்பர் ஆக்டிங்!” என்று கைதட்டுகிறார்கள்! அடுத்து நினிவே ராஜா மனந்திரும்பும் காட்சி. ராஜா எங்கள் பாஸ்டர்தான், கோணியை உடுத்திக்கொண்டு நிற்கிறார். வயலின் மட்டும், உருக்கமாக. நாலு வரிகூடப் போகல மச்சான், நானூறு பேரும் சட்டென்று எழுந்து தலையைக் குனிந்துவிட்டார்கள்! எனக்கு மெய்சிலிர்த்துப் போச்சு. பாஸ்டரும் கோணியோடு இரண்டு கைகளையும் தூக்கி ஆசீர்வாதம் சொல்லி முடித்தார். ஜனங்கள் ஆமென் சொல்லிவிட்டு நேரே பிரியாணிக்குப் போய்விட்டார்கள். அப்புறம்தான் உறைத்தது: முப்பது வருஷமாக ஆராதனை முடிவில், ஆசீர்வாதத்துக்கு முன்னால் நான் வாசிக்கும் அதே மெட்டைக் கைப்பழக்கத்தில் எழுதித் தொலைத்திருக்கிறேன். யோனாவுக்கு நிழல் தரும் ஆமணக்குச் செடியாக வேஷம் போட்ட பிளஸ்ஸி, “அங்கிள், நாங்க எப்ப வரணும்?” என்று கேட்கிறாள், பக்கத்தில் அவளை அரிக்க வேண்டிய புழு.

இருக்கட்டுமே! நானூறு பேரை எழுப்பி நிற்கவைக்க எந்தக் கீபோர்டால் முடியும்? சாயங்காலம் கமிட்டி கூடுகிறது. முடிவு தெரிந்ததுதான்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் காலைக் குணமாக்கி வாயையும் காப்பாராக.

இப்படிக்கு,
தனசிங்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. இனி நாடகத்துக்கு விக்கியின் கீபோர்டுதான். ஆனாலும் ஆர்கெஸ்ட்ராவைக் கலைக்கக் கூடாதென்று ஏகமனதாகத் தீர்மானம்: ஞாயிறுதோறும் பாஸ்டரின் பிரசங்கம் அரைமணியைத் தாண்டியதும் நாங்கள் அந்த மெட்டை வாசிக்க வேண்டும். முன்மொழிந்தவர் பாஸ்டரம்மா.