இட்லித் தட்டு விளக்கு

தெரியாது என்று வாய்திறந்து சொல்லத் தெரியாதவன் வயர் வேலைக்குப் போகக் கூடாது. நான் போனேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. கோயில் கொடைக்கு சீரியல் பல்பு கட்டுவேன். வீடுகளில் ஃபேன் மாட்டுவேன். இடைசெவலில் என்னை எலக்ட்ரீசியன் என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

ஏழெட்டு வருஷம் ஆகிறது. என் தங்கச்சி பேச்சிக்குக் கோவில்பட்டியில் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளை தன் அப்பாவோடு சேர்ந்து பாத்திரக் கடை பார்த்தான். பேச்சி தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவளிடம் இரண்டு தடவை போனில் பேசினான். அதற்குப் பிறகு வேலை விட்டு வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அதற்கு முன்னால் அவள் பாடி நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டு வந்தேன். இடம் அமைந்ததும் மாமா ஆக்கினேன். (கொஞ்சம் அவசரம்தான்.) அவருடைய கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. அதில் ஒரே ஒரு சிவப்பு மீன். நெற்றியில் யாரோ கரண்டியால் அடித்த மாதிரி வீக்கம். வாஸ்து மீனாம். வீக்கம் வளர வளர வியாபாரம் வளருமாம். காலையில் சாமி படத்துக்கு ஒரு பத்தி, மீனுக்கு ஒரு பத்தி.

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருந்தது. கடைக்குப் போனவன் சும்மா வந்திருக்கலாம்.

"தொட்டி இருட்டா கெடக்கு மாமா. கடையில விக்கிறதெல்லாம் ஒரு லைட்டா? நானே எல்.இ.டி. செஞ்சு கொண்டாரேன்" என்றேன்.

"எதுக்குங்கேன் உங்களுக்குச் சிரமம்?"

"சிரமம் என்ன மாமா, நம்ம தொட்டி."

சாமான் வாங்கின கடைக்காரர் ஒழுங்காகத்தான் சொன்னார். "எல்.இ.டி.க்கு முன்னாடி வெளிச்சம், பின்னாடி சூடு. முதுகுல அலுமினியத்தைக் குடுத்து காத்து படுத மாதிரி வையிங்க. கை வச்சா பொறுக்கணும். பொறுக்கலன்னா சிப்பு போயிரும்."

அலுமினியத்துக்கு எங்கே போக? அம்மாவின் இட்லித் தட்டு இருந்தது. நாலு குழி. அதில் ஒரு குழியைச் சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கினேன். சிப்பின் முதுகில் பசை தடவி, குழியில் இரண்டு துளை போட்டு, ஸ்குரு வைத்து முடுக்கினேன். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் வைத்து அரை நாள் எரியவிட்டேன். தட்டில் விரல் வைத்து இருபது வரை எண்ண முடிந்தது. அதோடு விட்டிருந்தால் இன்றைக்கு நான் மச்சினன்.

வயரும் தட்டுமாகப் பார்க்க அசிங்கமாக இருந்தது. பெண் வீட்டிலிருந்து போகிற பொருள். மூடி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அந்த வாரம் சித்திரை வெயில் கொளுத்தியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன்காரர் பெட்டியைத் திறந்தார். தூத்துக்குடியிலிருந்து வந்த மீன், நண்பகலிலும் ஐஸ் கரையாமல் கிடந்தது. தெர்மாகோல் பெட்டி. அப்போதே முடிவு கட்டினேன். தெர்மாகோல் என்றால் குளிர்ச்சி. அதுவும் மீனுக்கென்றே உள்ள குளிர்ச்சி.

பழைய பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். தட்டையும் கரண்ட் கொடுக்கிற டிரைவரையும் உள்ளே ஒட்டினேன். வெளிச்சம் இறங்க அடியில் ஒரு ஓட்டை. மற்ற எல்லாப் பக்கமும் டேப்பு போட்டு இறுக்கி மூடினேன். மேலே ஜிகினாத் தாள்.

பேச்சி பார்த்தாள்.

"அண்ணே, இது சூட்டை வெளிய விடாதுல்லா?"

"ஏட்டி, இது ஐஸ் பெட்டி."

"எங்க ஆபீஸுக்கு இட்லிக்காரி இதுலதான் இட்லி கொண்டாருதா. பதினொரு மணிக்குத் திறந்தாலும் ஆவி பறக்குது."

"நீ எலக்ட்ரீசியனா, நான் எலக்ட்ரீசியனா?"

அவள் டேப்பை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். (நின்று பேசியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.)

வெள்ளிக்கிழமை காலையில் கடையில் தொட்டி மேலே வைத்தேன். மாமா சூடம் காட்டி சுவிட்சைப் போட்டார். மீன் தகதகவென்று மின்னியது. வாடிக்கையாளர்கள் நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளை என் தோளில் கை போட்டான். "எங்க மச்சான் செஞ்சது" என்று யாரிடமோ சொன்னான். எனக்கு டீயும் வடையும் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வெட்டிப் பெருமை பேசினேன்.

முதலில் வாடை வந்தது. பக்கத்துக் கடையில் ஏதோ பிளாஸ்டிக் எரிகிறது என்றேன்.

அப்புறம் பெட்டியின் நடு மெள்ளக் குழிந்தது. ஜிகினாத் தாள் சுருங்கியது. தெர்மாகோல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்தது. மீன் தீனி என்று நினைத்து மேலே வந்தது. அந்த நேரம் பார்த்து இட்லித் தட்டு, டிரைவர், வயர் எல்லாம் மொத்தமாக உள்ளே விழுந்தன. டப்பென்று ஒரு சத்தம். கடை முழுக்கக் கரண்ட் போனது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் மீன் மல்லாந்து கிடந்தது. வெந்து செத்ததா, கரண்டில் செத்ததா, பயத்தில் செத்ததா, தெரியாது. யாரும் அறுத்துப் பார்க்கவில்லை.

மாமா தட்டை வெளியே எடுத்தார். முப்பது வருஷமாகப் பாத்திரம் விற்கிறவர். திருப்பிப் பார்த்தார்.

"இது இட்லித் தட்டுல்லா."

"ஆமா மாமா."

"நாலு குழி."

"ஆமா."

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். நல்ல கடைக்காரர்கள்.

வீட்டுக்கு வந்தேன். பேச்சி வாசலில் நின்றாள். பையைப் பார்த்தாள்.

"தெர்மாகோலா?"

"ஆமா."

"மீனு?"

நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். "பொண்ணு கால் வைக்கதுக்கு முன்னாடியே வீட்டு லட்சுமி போயிட்டுதுன்னு அவிய வீட்டுப் பொம்பளைக சொல்லுதாவ. பையனுக்கு மனசுதான். அவன் பேச்சு எடுபடல" என்றார். விளக்கு செய்தவன் நான். கால் சரியில்லாமல் போனது அவளுக்கு. நான் கோவில்பட்டிக்குப் போய் வாசலில் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். "தப்புன்னு யாரு சொன்னா? நேரம்" என்றார் மாமா. மறுபடியும் அண்ணாச்சி ஆகிவிட்டார்.

பேச்சி மேலும் நாலு வருஷம் பெட்டி அடைத்தாள். பாட்டு இல்லை. பிறகு புதூரில் ஆடு வைத்திருக்கிறவருக்குக் கொடுத்தோம். நல்ல மனுஷன், குடிக்காத நாளில். கல்யாணத்துக்கு சீரியல் பல்பு நான் கட்டுகிறேன் என்றேன். "லைட்டு வேற ஆளு போடட்டும்ணே" என்றாள்.

அம்மா அந்தத் தட்டைத் தூரப் போடவில்லை. தேய்த்துக் கழுவி இன்னமும் புழங்குகிறாள். அடிபட்ட குழியில் ஊற்றுகிற இட்லி மட்டும் சப்பையாக வரும். ஸ்குரு துளையில் மாவு இறங்கி அடியில் இரண்டு கொம்பு முளைத்திருக்கும்.

பேச்சியும் மாப்பிள்ளையும் ஊருக்கு வந்தால் காலையில் இட்லி. தட்டைக் கவிழ்த்ததும் அந்த ஒன்றைத் தேடி எடுத்து என் இலையில் வைப்பாள்.

"இது எலக்ட்ரீசியனுக்கு."

எல்லாரும் சிரிப்பார்கள். புதூர் மாப்பிள்ளைதான் அதிகம் சிரிப்பார். அந்த மீன் பிழைத்திருந்தால் அவர் இந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும்.

பேச்சி சிரிக்க மாட்டாள். நான் தின்று முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு சட்னி ஊற்றுவாள்.