மயில் இறங்காத காடு

வெண்ணந்தூர்ப் பக்கம் மயிலுக்கே பயம் காட்டிய மனுசன் ஒருத்தர்தான். எங்கள் கலர்த்தம்பி.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர் மகன். படம் வரையப் போகிறேன் என்று வந்து எங்கள் காட்டுக் கொட்டகையில் வாடகைக்கு இருந்தார். "ஆடிக்குள்ள ஒருத்தராச்சும் உன் படத்தைக் கேட்டு வாங்கோணும். இல்லாட்டி நம்ம ரிக் வண்டி ஏறு" என்று அப்பன் கெடு வைத்திருந்தார்.

தம்பி விடிந்ததும் வரப்பில் குந்தி, வெடித்த மண்ணையே பார்ப்பார். பிறகு கதவு அகலத் துணியில் சிவப்பையும் கறுப்பையும் அப்புவார்.

"இது என்னங்க சாமி?"

"உங்க கடலைக்காடுங்கம்மா."

"செடியக் காணோமே?"

"செடி இல்லீங்க. வெயில்ல காடு மூச்சு உடுது பாருங்க, அதுங்க."

பிறந்ததிலிருந்து அந்தக் காட்டில் கிடப்பவள் நான். எனக்குத் தெரியாத மூச்சா?

அந்தப் படத்தைக் காயட்டும் என்று என் வரப்பில் நிறுத்தினார். தினமும் கடலையைக் கிளறித் தின்ன வரும் மயில் அன்றைக்கு இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. பக்கத்துக் காட்டுப் பாவாயி ஓடி வந்தாள்.

"ஏனுங்க தம்பி, எனக்கும் ஒன்னு போட்டுக் குடுங்க. இன்னுங் கொஞ்சம் கோரமா."

"மயிலுக்காச்சும் புரிஞ்சுதுங்களே" என்று சிரித்தபடி தம்பி வரைந்து கொடுத்தார். பிறகு காட்டுக்குக் காடு அவர் படம்தான்.

ஆடி பிறந்ததும் அப்பன் காரில் வந்து இறங்கினார். காட்டுக்குக் காடு நின்ற படங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"இதெல்லாம் ஆரு வாங்குனதுங்க?"

"காட்டுக்காரங்கதானுங்க" என்றேன்.

"எதுக்குங்க?"

தம்பி என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"இது இல்லாட்டி வெள்ளாமை ஊடு வந்து சேராதுங்க. அவ்வளவு ராசி."

அப்பன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். "எங்க ஆபீசுக்கும் ஒன்னு போடுடா" என்று மகனிடம் சொல்லிவிட்டுத் தனியாகவே கார் ஏறினார்.

தம்பி இப்போது சென்னையில் இருக்கிறார். படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டுகிறார்களாம். என் படம் இங்கேதான், கடலை காயப்போட்ட களத்தோரம், காவலுக்கு.

போன வாரம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கையில் இருந்தது ஒரே தார்ப்பாய்.

"கடலை நனையுதுங்கக்கா" என்று பாவாயி கத்தினாள்.

மழைக்கு அந்தக் கலர் போகாது என்று தம்பி சொல்லியிருந்தார்தான். இருந்தாலும் படத்தின் மேல்தான் தார்ப்பாயைப் போர்த்தினேன்.