முதல்ல பரண்

ஐயாயிரம் பேர் தன் பின்னால் வராமல் வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று ஜம்புநாதன் சபதம் செய்தார்.

கல்கத்தா டாக்குரியாவில் இரண்டாம் மாடி ஃப்ளாட். பாங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே நாவல் எழுத உட்கார்ந்தவர். எழுநூறு பக்கம் எழுதிச் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பியிருந்தார். மூன்று மாதமாகப் பதில் இல்லை. சோறு இறங்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பவானிபூரிலிருந்து காப்பி குடிக்க வந்த நண்பர் ரமேஷ்பாபு.

"இந்தக் காலத்துல யார் சார் கதையைப் படிக்கிறாங்க? ஃபேஸ்புக்ல உங்க பின்னாடி எத்தனை பேர்னு பார்த்துட்டுத்தான் புக் போடறாங்க. புது ஆளுன்னா ஐயாயிரம் பேராவது வேணும்."

ஜம்புநாதன் கவலையோடு பின்னால் திரும்பிப் பார்த்தார். கோமதி மட்டும் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒட்டடைக்கம்போடு.

"ஏன்னா, நவராத்திரிக்குப் பத்து நாள்தான் இருக்கு. கொலுப் பெட்டியை இறக்கணும். முதல்ல பரணைச் சுத்தம் பண்ணுங்கோ."

அப்போது செய்ததுதான் அந்தச் சபதம்.

அன்றே முதல் அத்தியாயத்தை ஃபேஸ்புக்கில் போட்டார். மூன்று லைக். ஒன்று ரமேஷ்பாபு. ஒன்று எதிர் ஃப்ளாட் வங்காளி அண்ணி ஸ்மிதா பௌதி. அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. மூன்றாவது அவரே போட்டுக்கொண்டது.

"ஏண்டீ ஒருத்தரும் படிக்க மாட்டேங்கறா?"

"கதை யாருக்கு வேணும்? எழுதறவாளைப் பார்க்கத்தான் ஜனங்களுக்கு ஆசை. நீங்க ஃபேனைத் துடையுங்கோ. ஸ்மிதா போட்டோ எடுப்பா."

"நாவலுக்கும் ஃபேனுக்கும் என்னடீ சம்பந்தம்?"

"துடைச்சுப் பாருங்கோ, தெரியும்."

தலையில் துண்டு கட்டி ஸ்டூலில் நின்ற எழுத்தாளருக்கு எண்பத்தாறு லைக் விழுந்தது. "தாருண், தாதா!" பிரமாதம் அண்ணா என்று வங்காளியில் சொல்லி ஸ்மிதா பௌதி கைதட்டினாள்.

மறுநாள் ஜன்னல் கம்பி. அடுத்த நாள் சமையலறை அலமாரி. அதற்கடுத்து குளியலறை. லைக் ஏற ஏற அவர் குழப்பமும் ஏறியது.

"நான் எழுத்தாளனா, வேலைக்காரனா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே லைக் வரது? இன்னிக்குப் பரண்."

"அங்கே இருட்டுடீ. போட்டோ விழாது."

தினமும் அவள் பரண் என்றாள். தினமும் அவர் இருட்டு என்றார்.

ஒன்பதாம் நாள் வீடு கல்யாண மண்டபம் போல் மின்னியது. பின்னால் வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். இரண்டாம் அத்தியாயத்தைப் போட்டார். ஒரே ஒரு கேள்வி வந்தது: குளியலறைத் தரைக்கு என்ன சோப்பு போட்டீர்கள், தாதா?

ஜம்புநாதன் ஓய்ந்துபோனார். இனி ஐயாயிரமும் இல்லை, புத்தகமும் இல்லை. போட்டோவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பரணில் ஏறினார்.

கொலுப் பெட்டியின் மேல் ஒரு நீளக் கவர். சென்னை முத்திரை. பிரித்தார்.

'தங்கள் நாவலை வெளியிட முடிவு செய்துள்ளோம். முகநூலில் எத்தனை பேர் என்று பார்த்துப் புத்தகம் போடும் பழக்கம் எங்களுக்கு இல்லை. கதை நன்றாயிருக்கிறது, அது போதும்.'

"கோமதி! இது எப்போடீ வந்தது?"

"ரமேஷ்பாபு வந்த அன்னிக்குக் காலம்பற. கையில கொடுத்தா நீங்க பரண் ஏற மாட்டேள்னு ஒட்டடைக்கம்பால மேலே தள்ளி வச்சேன்."

"பாவி, ஏன் சொல்லலை?"

"நன்னாயிருக்கே! தினமும்தான் சொன்னேன், முதல்ல பரண்னு."