மருமகனுக்குப் போட்ட மூன்றரை மார்க்

வரதராஜன்பேட்டை,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்பும் அடக்கமும் நிறைந்த மாப்பிள்ளை லியோ பிரபு அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரும் உங்கள் வருங்கால மாமனாருமாகிய ஞானமுத்து எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் நானும் என் மனைவி சாந்தி மேரியும் மகள் ஜெனிதாவும் சுகம். பெரம்பலூரில் நீங்களும் உங்கள் அம்மாவும் அதுபோலவே இருக்க வேண்டுகிறேன். 'வருங்கால' என்பதை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். அந்தப் பதவி எனக்கு இன்னும் இருக்கிறதா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பாக மூன்று ஞாயிறு வாசிக்கும் ஓலையில் முதல் ஓலையை வாசித்த மறுநாள், நம் இரண்டு குடும்பத்துக்குமான வாட்ஸ்அப் குரூப்பில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி போட்டீர்கள். ஆபீஸ் மீட்டிங்கை 'ப்ரீபோன்' செய்துவிட்டார்கள், சாப்பாடு இல்லாமல் 'ஹேங்ரி'யாக இருக்கிறேன், ஆனாலும் மண்டபத்தை 'கூகுள்' பண்ணிப் பார்த்துவிட்டேன் என்று. எனக்காகத்தான் ஆங்கிலத்தில் எழுதினீர்கள் என்று இப்போது புரிகிறது. அப்போது என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று தப்பு. போனில் திருத்த வராது, பாருங்கள். ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறி, என் பழைய மாணவன் காசிநாதன் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் அதைப் பிரிண்ட் எடுத்தேன். "சார், மாப்பிள்ளைக்குமா? வேணாம் சார், வுட்டுருங்க" என்று கெஞ்சினான். கேட்டேனா? அவன் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து சிவப்பு மையில் வட்டம் போட்டு, பத்துக்கு மூன்றரை கொடுத்தேன். அந்த அரை மார்க் கையெழுத்து அழகுக்கு. பிரிண்டில் கையெழுத்து ஏது என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. அதோடு நின்றிருந்தாலும் தேவலாம். முப்பத்துநான்கு வருஷப் பழக்கதோஷம், கடைசியில் 'பெற்றோர் கையொப்பத்துடன் திருப்பி அனுப்பவும்' என்று எழுதி ஸ்பீட் போஸ்டிலும் போட்டுவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அன்றிலிருந்து குரூப்பில் உங்கள் சத்தமே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் இரண்டாம் ஓலை வாசிப்பார் என்று காத்திருந்தேன். வேறு இரண்டு ஜோடிகள் பெயரைச் சொல்லிவிட்டு அறிவிப்பை முடித்துவிட்டார். கையெழுத்துப் போடச் சொல்லி சம்பந்தியம்மாளுக்கு உத்தரவு அனுப்பியவன் எந்த முகத்தோடு சாமியாரிடம் காரணம் கேட்பது? வீட்டிலும் சொல்லவில்லை. ஜெனிதா பாவம், நாள் முழுக்கப் போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். என் எதிரில் துக்கத்தை மறைக்கிறாள் என்று நினைக்கையில் சோறு இறங்கவில்லை.

நேற்று ஒன்றும் தெரியாதவன் போல அவளிடம் அந்த மூன்று வார்த்தையையும் கேட்டேன். "மூணுமே டிக்‌ஷனரியில ஏறிடுச்சுப்பா" என்று போனை நீட்டினாள். ப்ரீபோன் நம் ஊர்க்காரர்கள் செய்த சொல்லாம். தள்ளிப்போட 'போஸ்ட்போன்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, முன்னுக்கு இழுக்க இல்லையே என்று நாமே உண்டாக்கிக்கொண்டோம், வெள்ளைக்காரன் அதை அகராதியில் ஏற்றிக்கொண்டான். அதை எழுதியதற்காகத்தான் காசிநாதனை ஒரு பீரியட் முழுக்க வெளியே நிறுத்தினேன். ஹேங்ரி என்பது பசியையும் கோபத்தையும் வெட்டி ஒட்டியது, நம் பக்கத்து ஒட்டு முந்திரிக் கன்று மாதிரி. கூகுள் ஒரு கம்பெனியின் பெயர், உழைத்து உழைத்து வினைச்சொல்லாகிவிட்டது. இன்னும் கேளுங்கள். எழுநூறு வருஷத்துக்கு முன்பு 'நைஸ்' என்றால் விவரம் கெட்டவன் என்று அர்த்தமாம். இன்று நாம் முட்டாள்தனம் என்று திட்டுகிற 'சில்லி', ஒரு காலத்தில் பாக்கியம் பெற்றவரைக் குறித்ததாம். நான் அசையாத கல் என்று நினைத்துக் காவல் காத்த பாஷை, எனக்குத் தெரியாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. விவரம் கெட்டவன் யார் என்று எனக்கு நன்றாகவே விளங்கிவிட்டது.

ஆகவே மாப்பிள்ளை, உங்களுக்குப் பத்துக்குப் பத்து. ஜெனிதா எங்களுக்கு ஒரே பிள்ளை. நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று, பஜ்ஜித் தட்டை முதலில் என் மனைவி பக்கம் நகர்த்தினீர்கள். அப்போதே எனக்கு உங்களைப் பிடித்துப்போயிற்று. மனசில் இருப்பதைச் சொல்ல எனக்கு வராது, தப்பைச் சொல்லத்தான் வரும். அன்பு வைத்தவர்களிடம்தான் அதிகம் தப்பு கண்டுபிடிப்பேன், சாந்தி மேரியைக் கேட்டால் தெரியும். கிழவன் புத்தி என்று மன்னித்து, இரண்டாம் ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவின் காலைத் தொட்டுக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு பேர் தலையிலும் கைவைத்து ஆசீர்வதிக்கும் நாளுக்காகக் காத்திருக்கும்,

ஞானமுத்து

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்து, நான் உங்களுக்கு அனுப்பிய ஸ்பீட் போஸ்டையே என் கையில் கொடுத்தார். 'வீடு பூட்டியுள்ளது' என்று குறிப்பு. பதறிப்போய் சாந்தி மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "சம்பந்தியம்மாவுக்குத் திருச்சியில கண் ஆபரேஷன், மாப்ள கூடவே இருக்காரு, கல்யாணத்த ரெண்டு வாரம் தள்ளியிருக்கு, அதான் ஓலைய நிறுத்தி வச்சாங்கன்னு நாலு தடவ சொன்னேன். நீங்க எங்க காதுல வாங்குனீங்க? பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தீங்க. பத்து நாளா யாரையும் திருத்தாம இருக்காரேன்னு நாங்களும் வுட்டுட்டோம்" என்றாள். ஆக, நீங்கள் எதையும் பார்க்கவில்லை, எதற்கும் கோபப்படவில்லை. இந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லை. கிழிக்கப் போனேன். அவள் வாங்கிப் படித்தாள். "முப்பது வருசத்துல எனக்கே இப்படி ஒரு லெட்டர் எழுதுனதில்ல. அந்தப் புள்ளைக்காவது போவட்டும்" என்று கவரை ஒட்ட அவளே பசையோடு நிற்கிறாள். அதனால் திருச்சி விலாசம் எழுதி அனுப்புகிறேன். படித்துவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள். ஆபரேஷன் செய்த கண்ணுக்குச் சிரமம் கூடாது, அம்மாவிடம் மட்டும் காட்ட வேண்டாம்.